கழுத்தெலும்புக்கு மேலே ஈய எழுத்து

மார்ச் 4

ரேடியோவுக்கு,

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட பிறகு உன்னை இந்தப் பெயரில் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கூப்பிட்டுவிட்டேன். வாய் மூடாத பிள்ளைக்கு வீட்டில் வைத்த பெயர், அவன் பெரிய ஆளாகிவிட்டான் என்பதற்காக மாறிவிடுமா என்ன?

போன் செய்யாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று முடித்துவிடுவாய். காகிதத்தை இடையில் வெட்ட முடியாது. அதுவும் போக, நான் சொல்லப்போவது எழுத்தில் இருக்கவேண்டிய விஷயம்.

பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. போகவில்லை என்று எழுதிவிட்டுப் போகாமல் இருக்கவும் முடியவில்லை. உன் கருவியை எங்கள் மருத்துவமனையில் திறந்துவைத்த அன்று, கைதட்டல் எல்லாம் ஓய்ந்த பிறகு, "படம் பார்க்கிற டாக்டரை ஏன்டா வீட்டுக்கு அனுப்புறாங்க? மெஷின் தப்பாச் சொன்னா யாரு பார்ப்பாங்க?" என்று கேட்டேன். "நீ பட்டன் அழுத்துறவக்கா. இதெல்லாம் உனக்குப் புரியாது" என்றாய். பக்கத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் சிரித்தார். பழைய அலமாரியிலிருந்து பதினோராயிரம் நெஞ்சு எக்ஸ்ரேக்களை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் ஒவ்வொன்றாகத் துடைத்து, கணினியில் ஏற்றி உனக்குக் கொடுத்தவள் நான். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் காசநோயைக் கண்டுபிடிக்க உன் கருவி கற்றுக்கொண்டது. போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் எனக்கு முழங்காலில் ஆபரேஷன். ஆறு வாரம் படுக்கை. எனக்குப் பதிலாக ஒரு பெண்ணை அனுப்பினார்கள். நல்ல பெண், வேலை சுத்தம். போன வாரம் திரும்பி வந்து பதிவேட்டைப் புரட்டினேன். அந்த ஆறு வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு நெஞ்சுப் படம். உன் கருவி 'சந்தேகம்' என்று சொன்னது ஒரே ஒருவருக்கு. மற்ற எல்லோருக்கும் 'சரி'. நான் இருக்கும்போது வாரத்துக்கு நாலைந்து பேராவது சந்தேகத்தில் வருவார்கள். நான் படுத்துக் கிடந்தேன் என்று ஊரில் நோயும் படுத்துக்கொண்டதா?

அந்த 'சரி'களில் ஒருவர் நம் தெருமுனைத் தையல்காரம்மா. உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கல்லூரி சேர்ந்தபோது உன் சட்டையெல்லாம் அவர்தான் தைத்தார். ஜனவரியில் இருமலோடு வந்திருக்கிறார். படம் எடுத்து, கருவி 'சரி' என்றதும் இருமல் மருந்தோடு அனுப்பிவிட்டார்கள். இந்தத் திங்கட்கிழமை வந்தார். கைக்குட்டையில் ரத்தம்.

ஜனவரிப் படத்தைத் திறந்து பார்த்தேன். இடது பக்கம் மேலே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு புகை. படம் பார்ப்பது என் வேலை இல்லை என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லப்பட்டவள் நான். எனக்கே தெரிந்தது. உன் கருவிக்கு ஏன் தெரியவில்லை?

பார்த்துச் சொல். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அக்கா


மார்ச் 12

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தையல்காரம்மாவின் உடல்நிலை பற்றி அறிந்து வருந்துகிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட ஆறு வாரப் பதிவுகளை எங்கள் குழு ஆராய்ந்தது. குறைந்த காலத்தில் எடுத்த குறைந்த எண்ணிக்கையிலான படங்களில் இப்படி ஏற்ற இறக்கம் வருவது இயல்பு. மேலும், பதிலாக வந்தவர் கதிரின் அளவைச் சரியாக வைத்திருக்காமல் இருக்கலாம். எந்தக் கருவியும் நூற்றுக்கு நூறு சொல்லாது. எங்கள் கருவி நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு சொல்கிறது. அனுபவமுள்ள மருத்துவர்கள் பலரைவிட அது அதிகம்.

இன்று அறுபது மருத்துவமனைகளில் இது வேலை செய்கிறது. அவற்றில் பெரும்பாலானவை படம் பார்க்க மருத்துவரே இல்லாத இடங்கள். முன்பு அங்கே ஒரு படத்துக்குப் பதில் வர மூன்று வாரம் ஆகும். இப்போது அரை நிமிடம். இதையும் நீங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

முழங்காலைக் கவனித்துக்கொள்ளவும்.

தம்பி


மார்ச் 19

தம்பி,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. 'தங்கள்' வேறு. படித்துவிட்டு, தபால்காரர் வீடு மாறிக் கொடுத்துவிட்டாரோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

பதிலாக வந்த பெண்மேல் பழியைப் போடாதே. அவள் எடுத்த படங்கள் என் படங்களைவிடத் தெளிவு. அவளும் நானும் எதில் வித்தியாசப்படுகிறோம் என்று இரண்டு பேர் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் புரிந்தது.

நீ கோபப்படாமல் படிக்கவேண்டும். தப்பு என்னுடையதும்தான்.

படத்தில் எது வலது, எது இடது என்று தெரிவதற்கு ஓரத்தில் ஒரு சின்ன ஈய எழுத்தை ஒட்டுவோம் இல்லையா, நீ கல்லூரி லீவில் வரும்போது என் பையிலிருந்து எடுத்து விளையாடுவாயே, அது. அதை ஓரத்தில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். பதிலாள் பெண் பாடத்தில் படித்தபடி எல்லாப் படத்துக்கும் ஒரே இடத்தில், கீழே ஒட்டியிருக்கிறாள். நான் அப்படி ஒட்டுவதில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பெயின்டர் வந்தார். படத்தை வெளிச்சத்தில் வைத்து இரண்டு தடவை பார்த்தேன். இரட்டைக் கண்ணாடி டாக்டரிடம் போய், "சார், இடது பக்கம் ஏதோ இருக்கிற மாதிரி இருக்கு" என்றேன். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடியோடு இருப்பாரே, அவர்தான். "எடுக்கிறது உன் வேலைம்மா. பார்க்கிறது என் வேலை" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னார். அதுதான் சுட்டது.

அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. படம் எடுக்க வருகிற ஆளைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றாவிட்டால் எழுத்தைக் கீழே, விலா ஓரத்தில் ஒட்டுவேன். மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் மேலே, கழுத்தெலும்புக்கு மேலே ஒட்டுவேன். யாரிடமும் சொன்னதில்லை. ஊமை தனக்குத் தானே ஜாடை காட்டிக்கொண்ட மாதிரி என்று வைத்துக்கொள். எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரேவுக்கு நான் ஒருத்திதான். ஆகவே அந்தப் பதினோராயிரம் படமும் என் ஜாடைதான்.

மேலே ஒட்டியவர்களில் பலருக்கு டாக்டர் பின்னால் நோய் என்றுதான் எழுதியிருக்கிறார். இப்போது புரிகிறதா? உன் கருவி நுரையீரலைப் படிக்கவில்லை. என்னைப் படித்திருக்கிறது.

நிச்சயம் பண்ணிக்கொள்ள வேண்டாமா? நோயாளி யாரையும் வைத்துச் சோதிக்க மனசு வரவில்லை. தேவையில்லாமல் கதிர் பாய்ச்சக்கூடாது. ஆகவே என்னையே வைத்தேன். செய்யக்கூடாத காரியம், தெரியும். எழுத்தை மேலே ஒட்டி, நானே நின்று, உதவியாளரை விட்டுப் பட்டனை அழுத்தச் சொன்னேன். 'சந்தேகம்' என்றது. எழுத்தைக் கீழே இறக்கி இன்னொன்று. 'சரி' என்றது. இரண்டும் ஒரே நெஞ்சு. நடுவில் நாலு நிமிடம்.

இரண்டு படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். பெரிய நோயாக இருந்தால் உன் கருவிக்குத் தெரிகிறதுபோல. அந்த ஆறு வாரத்தில் மாட்டிய ஒருவருக்கு நுரையீரல் பாதி போயிருந்தது. ஆரம்பத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது என் எழுத்தைத் தேடுகிறது.

அந்த அறுபது இடங்களில் எழுத்தை எங்கே ஒட்டுகிறார்கள், தம்பி?

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

உன் படங்கள் இரண்டையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

மூன்றாம் நாள் போய், யாரிடமும் சொல்லாமல், ஆயிரம் படங்களில் அந்த எழுத்தைக் கறுப்பால் மூடிவிட்டுக் கருவியிடம் கொடுத்தேன். தொண்ணூற்று நாலு என்று ஊரெல்லாம் சொன்னேனே, அது அறுபத்தொன்றுக்கு இறங்கியது. காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்தாலே ஐம்பது வரும்.

இந்த அறுபது இடங்களில் சிலவற்றில் சந்தேகம் குவியும், சிலவற்றில் ஒன்றுமே வராது. ஊருக்கு ஊர் நோயின் அளவு வேறு என்று நானே ஓர் அறிக்கை எழுதினேன். அதற்குப் பாராட்டும் வந்தது. இப்போது தெரிகிறது, ஊருக்கு ஊர் வேறாக இருந்தது எழுத்து ஒட்டும் இடம்.

நீ உண்மையைச் சொன்னாய், நானும் சொல்கிறேன். எனக்கு முன்பே ஒரு தடவை உறுத்தியது. கருவி ஒரு படத்தில் எங்கே பார்க்கிறது என்பதை வண்ணத்தில் காட்டும் வழி ஒன்று இருக்கிறது. அது உற்றுப் பார்க்கும் இடம் சிவப்பாகத் தெரியும். திறப்பு விழாவுக்குப் பத்து நாள் முன்பு அப்படி இருபது படம் எடுத்துப் பார்த்தேன். ஏழெட்டுப் படத்தில் சிவப்பு நுரையீரலில் இல்லை. ஓரத்தில், மேலே இருந்தது. ஏதோ கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நன்றாக வந்த மூன்று படத்தை மட்டும் மேடையில் காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் அக்கா. மறைத்ததையே மறந்தும் போனேன். நீ அன்று "மெஷின் தப்பாச் சொன்னா?" என்று கேட்டபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

படங்களின் ஓரத்தை வெட்டியிருக்கலாம். வெட்டினால் நுரையீரலின் மேல்முனையும் போகுமே என்று விட்டுவிட்டேன்.

இனி நான் கேட்கப்போவதற்கு நீ திட்டுவாய். ஜூன் மாதம் இன்னும் முந்நூறு மருத்துவமனைகளுக்குக் கையெழுத்து ஆகப்போகிறது. இப்போது வெளியில் சொன்னால் எல்லாம் போச்சு. இங்கே நாற்பது பேர் என்னை நம்பி வேலை செய்கிறார்கள். எட்டு வருட உழைப்பு. எழுத்தை மூடிவிட்டுப் புதிய படங்களால் கருவிக்கு மறுபடி கற்றுக்கொடுக்க மூன்று மாதம் போதும். சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. அதுவரை கொஞ்சம் பொறு அக்கா.

தையல்காரம்மா எப்படி இருக்கிறார்?

தம்பி


ஏப்ரல் 7

தம்பி,

'நீ' திரும்பி வந்துவிட்டது. அதற்குச் சந்தோஷம். மற்றதற்கு இல்லை.

கொஞ்சம் பொறு என்கிறாய். நான் பொறுப்பேன், எனக்கென்ன, எனக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை, இரண்டு படம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. அறுபது மருத்துவமனை. நாளைக்கு இருபது படம் என்றாலும் ஆயிரத்து இருநூறு பேர். மூன்று மாதத்துக்கு நீயே பெருக்கிக்கொள், கணக்கில் கெட்டிக்காரன். அவர்களிடம் யார் போய்ப் பொறுக்கச் சொல்வது? 'சரி' என்ற சீட்டை வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் பக்கத்தில் படுத்து இருமுகிறார்கள்.

தையல்காரம்மாவைக் கேட்டாய். சர்க்கரையும் இருக்கிறது அவருக்கு. இரண்டு பக்கமும் பரவிவிட்டது. அவருக்குப் பக்கத்து மெஷினில் தைக்கிற பெண்ணுக்கும் நோய் வந்திருக்கிறது. வார்டில் போய்ப் பார்த்தேன். "கம்ப்யூட்டரே ஒண்ணுமில்லேன்னு சொல்லிடுச்சும்மா, அப்புறம் நான் ஏன் பயப்படணும்னு இருந்துட்டேன்" என்றார். யார்மேலும் கோபமில்லை அவருக்கு. உன் தம்பி நல்லா இருக்கானா என்று வேறு கேட்டார்.

இரட்டைக் கண்ணாடி டாக்டர் வீட்டுக்கும் போனேன். வேலையிலிருந்து அனுப்பியதிலிருந்து சும்மாதான் இருக்கிறார். இருபத்திரண்டு வருடம் மறைத்ததை அவரிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். பாதி சொல்வதற்குள் சிரித்தார். "எழுத்து மேல இருந்தா கண்ணாடியை மாத்திப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை பார்ப்பேன். எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே?" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா நீ நிறுத்திடுவியோன்னு பயம்" என்றார். தலையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "அதுவும் உண்மை. உன்கிட்ட கேட்கிறதுக்கு எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கலை. அதுவும் உண்மை" என்றார்.

யோசித்துப் பார். நான் ஆளைப் பார்த்தேன், அவர் என் எழுத்தைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தார், கருவி இரண்டு பேரையும் பார்த்துப் படித்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கருத்தை நம்பிய முதல் ஆள் ஒரு மெஷின். அதுவும் நான் சொல்லாமலே. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இன்னொன்றும் எழுதவேண்டும். படம் எடுப்பதற்கு முன்பே எழுத்தை ஒட்டவேண்டும். அப்படியென்றால் நான் நுரையீரலைப் பார்த்து ஒட்டவில்லை. ஆளைப் பார்த்து ஒட்டினேன். பெல்ட்டில் புதிதாகப் போட்ட ஓட்டை, படியேறியதும் சுவரைப் பிடிக்கிற கை, தொளதொளத்த சட்டை. நன்றாக உடுத்திக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்களுக்கு என் கை கீழேதான் போயிருக்கும். தையல்காரம்மா எப்போதும் மடிப்புக் கலையாமல் வருகிறவர். ஜனவரியில் நான் இருந்திருந்தால் மேலே ஒட்டியிருப்பேனா? ஒட்டியிருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. தெரியவில்லை. ஆகவே என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு உனக்கு இதை எழுதவில்லை.

சுகாதாரத் துறைக்கு எல்லாவற்றையும் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தபாலில் போட முடியவில்லை. கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுக்க எந்தக் கைக்குத் தெம்பு வரும்? நீயே போய்ச் சொல்லிவிடு. இரண்டு வாரம் பார்ப்பேன்.

அக்கா


ஏப்ரல் 21

தம்பி,

தையல்காரம்மா இன்று காலை போய்விட்டார்.

கடையில் போய்ப் பார்த்தேன். நான் தைக்கக் கொடுத்த இரண்டு ரவிக்கையில் ஒன்றுதான் முடிந்திருந்தது. மற்றது வெட்டியபடி அவருடைய மெஷின்மேல் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வர மனசு வரவில்லை.

திங்கட்கிழமை அந்த உறையைத் தபாலில் போடப்போகிறேன். உன்னிடம் சொல்லாமல் செய்யக்கூடாது என்று இதை எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. மத்தியானம் எங்கள் கூட்டம் ஒன்று இருந்தது, ஜூன் மாதக் கையெழுத்துக்கான கூட்டம். நான் பேசவேண்டிய முறை வந்தபோது உன்னுடைய இரண்டு படத்தையும் திரையில் போட்டேன். "இது யாரு?" என்று முதலாளி கேட்டார். "எங்க அக்கா. நோய் ஒண்ணும் இல்லை. ரெண்டு படத்துக்கும் நடுவுல நாலு நிமிஷம். நம்ம கருவி என்ன சொல்லுது பாருங்க" என்றேன்.

பிறகு அந்த வண்ணப் படங்களையும் காட்டினேன். மறைத்த பதினேழையும்.

முதலாளி அறையை விட்டு எல்லோரையும் போகச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். அதையெல்லாம் எழுத வேண்டாம். அவர் பேசி முடித்ததும் நானே நேராகச் சுகாதாரத் துறைக்குப் போனேன். இன்று காலை பத்து மணியிலிருந்து அறுபது இடத்திலும் கருவி நின்றுவிட்டது. பதினான்கு மாதப் படங்களையும் மருத்துவர்களை வைத்துத் திரும்பப் பார்க்க உத்தரவு வந்திருக்கிறது. அந்த வேலைக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அது முடிந்ததும் எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது.

நீ இதைப் படிக்கும்போது உன் உறை தபாலில் போயிருக்கலாம். போயிருந்தாலும் சரி. இரண்டும் ஒன்றையேதான் சொல்லும்.

தையல்காரம்மாவுக்கு நான் என்ன செய்ய முடியும் அக்கா? உன்னிடம் கேட்டால் பதில் இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து பழக்கம்.

தம்பி


ஜூலை 16

அக்கா,

இரண்டரை மாதமாகப் படங்கள்தான். இரட்டைக் கண்ணாடி டாக்டரையும் கூப்பிட்டிருக்கிறார்கள், உனக்குத் தெரியும். இங்கே ஒரு நீள மேஜையில் பதினோரு மருத்துவர்கள். ஒவ்வொரு படத்திலும் எழுத்தை மூடிவிட்டுக் கொடுப்பது என் வேலை. இதுவரை 'சரி' என்று அனுப்பியவர்களில் இருநூற்று எழுபத்தாறு பேருக்கு நோய் இருக்கிறது. பெரும்பாலானவர்களைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தாகிவிட்டது. இருபத்திரண்டு பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. ஒன்பது பேர் உயிரோடு இல்லை. ஒன்பது பேர் வீட்டுக்கும் நானே போய்வந்தேன். யாரும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

இதற்காக எழுதவில்லை. வேறொன்று.

கருவி படித்த உன் பழைய பதினோராயிரத்தையும் திரும்பப் பார்க்கவேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை அதில் ஒரு படம் வந்தது. பெயர் இல்லை, எண்தான். ஆனால் இடது தோள் எலும்பில் பழைய முறிவு ஒன்று, கோணலாகச் சேர்ந்தது. மதில் சுவரிலிருந்து குதித்து நான் உடைத்துக்கொண்ட தோள். தேதியைப் பார்த்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது.

எழுத்து கழுத்தெலும்புக்கு மேலே இருந்தது.

அதோடு ஒட்டியிருந்த தாளில் டாக்டரின் கையெழுத்து. முதலில் 'சரி' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 'இடது மேல்பகுதி, மறுபடி பார்க்கவும்' என்று எழுதியிருக்கிறார்.

அந்த ஆறு மாதம் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டேனே. சரியான நேரத்தில் டாக்டர் கண்டுபிடித்தார் என்று இத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கருவியைச் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அதனால்தான். மேடையில்கூட அதைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்து உன்னைப் பட்டன் அழுத்துகிறவள் என்றேன்.

படங்களை ஏற்றும்போது இது உன் கைக்கு வந்திருக்கும். நீ துடைத்திருப்பாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று அத்தனை பேர் முன்னால் நான் அப்படிப் பேசியபோதும் சொல்லவில்லை. எப்படி அக்கா முடிந்தது உனக்கு?

இன்னொன்று கேட்கவேண்டும். எனக்கு அப்போது இருமல்கூட இல்லை. வேலைக்குச் சேர ஒரு சான்றிதழ் வேண்டும் என்றுதான் படம் எடுக்க வந்தேன். நன்றாக உடுத்திக்கொண்டுதான் வந்திருப்பேன். என்னிடம் எதைப் பார்த்து எழுத்தை மேலே வைத்தாய்?

என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ரேடியோ


ஜூலை 23

ரேடியோவுக்கு,

இருநூற்று எழுபத்தாறு என்ற எண்ணைப் படித்துவிட்டு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஒன்பது என்ற எண்ணை இன்னும் தாண்டி வரவில்லை. நீயும் தாண்டவேண்டாம். சுமக்கவேண்டியதுதான். அதில் என் பங்கும் இருக்கிறது.

இங்கே ஒரு மாற்றம். நெஞ்சுப் படத்தோடு போகும் தாளில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள்: 'படம் எடுத்தவர் கவனித்தது.' டாக்டர் மேலிடத்தில் சண்டை போட்டு வாங்கியது. முதல் நாள் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். என் கை பழக்கத்தில் எழுத்தோடு மேலே போய்விட்டது. திரும்பக் கீழே இறக்கினேன். இப்போது எல்லோருக்கும் கீழேதான். பிறகு பேனாவை எடுத்து, 'மூன்று படி ஏறியதும் நின்று மூச்சு வாங்கினார்' என்று எழுதினேன். அந்த ஒரு வரி எழுத எனக்கு இருபத்திரண்டு வருடமும் பத்து நிமிடமும் ஆனது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். உன்னிடம் சொல்லிக்காட்டவா உனக்குப் படம் எடுத்தேன்? அன்று கோபத்தில் வாய்வரைக்கும் வந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். விழுங்கிக்கொண்டேன்.

எதைப் பார்த்து வைத்தேன் என்றும் கேட்டாய். நன்றாகத்தான் உடுத்தியிருந்தாய், தையல்காரம்மா தைத்த நீலச் சட்டை. இருமல் இல்லை, இளைப்பும் இல்லை. உள்ளே வந்தாய். "சட்டையைக் கழட்டு" என்றேன், கழற்றினாய். "இங்க நில்லு" என்றேன், நின்றாய். "மூச்சை இழுத்துப் பிடி" என்றேன், பிடித்தாய். அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு கிண்டல் இல்லை. ஐந்து நிமிடம் என் அறையில் நீ பேசாமல் நின்றாய். எனக்குப் பயமாகிவிட்டது.

போன் செய். இந்தத் தடவை நீயே பேசு. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா